வடக்கு ஏரிகளில் தூண்டிலும் படகும்: பினாங்குக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பள்ளி விடுமுறைக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே பேச்சு தொடங்கிவிடும். இந்த முறை கடற்கரை வேண்டாம், கேமரன் மலையும் வேண்டாம், தெமெங்கோர் ஏரிக்குப் போகலாமா? தூண்டில் பைத்தியம் பிடித்த மாமா ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார். அவர் பேச்சைக் கேட்டு மற்றவர்கள் மூட்டை கட்டுகிறார்கள். ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், போய் நின்ற பிறகுதான் பாட்டியால் அந்த இரும்பு ஏணியில் ஏற முடியாது என்பதும், சின்னவனுக்குப் பொருந்தும் உயிர்காப்பு அங்கி இல்லை என்பதும் தெரியவருகின்றன. உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். எல்லாப் பதிலுக்கும் அடியில் இருப்பது ஒரே கருத்து: மீனைப் பார்த்து ஏரியைத் தேர்ந்தெடுக்காதீர்கள்; வீட்டில் மிகச் சிறியவரையும் மிக மூத்தவரையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

வடக்கில் என்னென்ன ஏரிகள் இருக்கின்றன? எங்களுக்கு எது சரிப்படும்?

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இவற்றில் எதுவும் இயற்கை ஏரி அல்ல. எல்லாம் அணை கட்டித் தேக்கிய நீர். அதனால் ஒவ்வோர் ஏரியின் குணமும் அணை எதற்காகக் கட்டப்பட்டது என்பதைப் பொறுத்தது.

பெரியது தெமெங்கோர். பேராக் ஆற்றின் மேல்பகுதியில் மின்சாரத்துக்காக 1970களில் கட்டிய அணை. அதன் கீழே பெர்சியா, கெனெரிங், செண்டரோ என்று வரிசையாக மூன்று அணைகள் இருக்கின்றன. தெமெங்கோரில் நீர்ப்பரப்பு 150 சதுர கிலோமீட்டருக்கும் மேல். சில இடங்களில் ஆழம் 100 மீட்டரைத் தாண்டும். மலைக்காட்டை வெட்டி முடிக்காமலேயே நீர் ஏறிய பள்ளத்தாக்கு என்பதால் பட்ட மரங்கள் இன்னமும் நீருக்குள் நிற்கின்றன. வடக்கே போகப் போக ரோயல் பெலும் மாநிலப் பூங்கா வரும். படகு வீட்டில் இரண்டு இரவு தங்க ஆசைப்படுகிறவர்கள் இங்கேதான் போகிறார்கள். பிள்ளைகளுக்கு ஏழெட்டு வயதாகியிருந்தால், பெரியவர்களுக்கு முட்டி நன்றாக இருந்தால், தாராளமாகப் போகலாம்.

கைக்குழந்தையோ, சக்கர நாற்காலியில் இருப்பவரோ உடன் வந்தால் நான் புக்கிட் மேராவைத்தான் சொல்வேன். கிரியான் நெல்வயல்களுக்காக 1906இல் முடிந்த பழைய நீர்த்தேக்கம். பட்டர்வொர்த்திலிருந்து நெடுஞ்சாலையில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். ரயில் பாதை ஏரியின் குறுக்கே போவதால், தண்டவாளத்தில் ரயில் ஓடும்போது பிள்ளைகள் தூண்டிலை மறந்து கையசைப்பார்கள். ஓராங் ஊத்தான் தீவுக்குப் படகில் போய்வரலாம். மாலைக்குள் வீடு திரும்பிவிடலாம்.

கெடாவில் இருக்கும் பெடு ஏரி அமைதிக்குப் பேர்போனது. மூடா நெல் திட்டத்துக்காக 1960களின் இறுதியில் கட்டிய இரண்டு அணைகளில் ஒன்று அது. இன்னொன்றான மூடா அணையின் நீர் 6.8 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் வழியாகப் பெடுவுக்கு வருகிறது. கெடா சமவெளியில் ஆண்டுக்கு இரண்டு போகம் நெல் விளைவது இந்தத் தண்ணீரால்தான். அலோர் ஸ்டார் போய், கோல நெராங் வழியாகப் போக வேண்டும். விடுதி வசதி குறைவு. சமையல் சாமானோடு போகிறவர்களுக்கு ஏற்ற இடம்.

பெர்லிஸில் தீமா தாசோ இருக்கிறது. 1992இல் வந்த ஏரி, ஆழம் குறைவு, கரையிலிருந்தே தூண்டில் போடலாம். பாடாங் பெசாரில் கடைத்தெரு சுற்ற வேண்டும் என்று அடம்பிடிக்கும் அத்தைகள் இருந்தால் இரண்டையும் ஒரே பயணத்தில் முடித்துக்கொள்ளலாம்.

கென்யிரையும் கேட்பார்கள். திரெங்கானுவில் இருக்கிறது, 1985இல் உருவானது, 260 சதுர கிலோமீட்டர், 340 தீவுகள், தீபகற்ப மலேசியாவிலேயே பெரிய செயற்கை ஏரி. ஆனால் பினாங்கிலிருந்து ஒரு பகல் முழுவதும் சாலையிலேயே கழியும். கோலாலம்பூர்க்காரர்களுக்கு அது நல்ல தேர்வு. நமக்கு அல்ல.

பினாங்கிலேயே அணைகள் இருக்கின்றனவே? எதற்கு இவ்வளவு தூரம்?

ஆயர் ஈத்தாம், தெலுக் பஹாங், மெங்குவாங் எல்லாம் குடிநீருக்கான நீர்த்தேக்கங்கள். குடும்பத்தோடு தூண்டிலும் படகுமாகப் போகும் இடங்கள் அல்ல. பிள்ளைகளுக்குத் தூண்டில் பிடிக்குமா என்று பார்க்க வேண்டுமானால், செபராங் பிறைப் பக்கம் கட்டணம் வாங்கும் மீன்குளங்கள் இருக்கின்றன. ஒரு சனிக்கிழமை காலை அங்கே கூட்டிப்போய்ப் பாருங்கள். பதினைந்து நிமிடத்தில் கைப்பேசியைக் கேட்கும் பிள்ளை, தெமெங்கோரிலும் பதினைந்து நிமிடத்தில் கேட்கும். அங்கே அலைவரிசையும் இருக்காது.

எந்த மாதம் போவது?

நமக்குக் கோடை என்று தனியாக ஒன்றும் இல்லை. வடக்கில் ஓரளவு மழை குறைந்த காலம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை. செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை அதிகம். 2026 முதல் பள்ளி ஆண்டு மீண்டும் ஜனவரியில் தொடங்குகிறது. ஆகவே நீண்ட விடுமுறை ஆண்டிறுதியிலும், அதைவிடச் சிறியது ஆண்டு நடுவிலும் வரும். இந்த இரண்டில் நடு ஆண்டு விடுமுறையைத்தான் நான் விரும்புகிறேன். ஆண்டிறுதியில் ஆறுகள் கலங்கி ஓடும். அருவிக்குப் போகவும் படகோட்டிகள் யோசிப்பார்கள்.

வறண்ட மாதங்களில் நீர் இறங்கிவிடும். கரையில் செம்மண் திட்டாகத் தெரியும், மரக்கட்டைகள் தலைநீட்டும். படத்துக்கு அழகாக இருக்காது. மீன் பிடிக்க நல்லது, ஏனென்றால் மீன் ஒளிந்திருக்கும் இடம் குறைந்துவிடுகிறது.

இன்னொன்று: கெடாவிலும் திரெங்கானுவிலும் வார விடுமுறை வெள்ளி, சனி. வெள்ளிக்கிழமை அலுவலகத்துக்குத் தொலைபேசி அடித்துவிட்டு யாரும் எடுக்கவில்லை என்று கோபப்படாதீர்கள்.

தெமெங்கோருக்குச் சாலை எப்படி?

பட்டர்வொர்த்திலிருந்து கூலிம், பாலிங், பெங்காலான் ஹூலு வழியாகக் கிரிக் நகரம். அங்கிருந்து கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் ஏறி, சுமார் 40 கிலோமீட்டரில் பண்டிங் தீவு. ஏரியைக் கடக்கும் பாலங்களுக்கு நடுவில் இருக்கும் தீவு அது, ஜெட்டி அங்கேதான். நிறுத்தி நிறுத்திப் போனால் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். கோலாலம்பூரிலிருந்து வரும் உறவினர்கள் கோலகங்சாரில் இறங்கி, லெங்கோங் வழியாகக் கிரிக் வந்து சேர்ந்துகொள்வார்கள்.

கிரிக்கில் பெட்ரோல் நிரப்புங்கள், பணம் எடுத்துக்கொள்ளுங்கள், ஐஸ் வாங்குங்கள். அதற்கு மேல் எதையும் நம்பாதீர்கள்.

இந்தச் சாலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கம்யூனிஸ்டுப் போராளிகள் காட்டில் இருந்த காலத்தில் போடப்பட்ட சாலை, 1982இல் திறந்தார்கள். பாதுகாப்புக் காரணத்தால் ஆரம்ப ஆண்டுகளில் பகலில் மட்டுமே வாகனங்களை விட்டார்கள். இன்று அந்த அச்சம் இல்லை. ஆனாலும் பகலில் மட்டும் ஓட்டுவது இப்போதும் நல்ல புத்திதான். காலையில் பனிமூட்டம் இறங்கும், வளைவுகள் கடுமையானவை, இறக்கம் நீளமானது. 2025 ஜூனில் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேரைப் பலிகொண்ட பஸ் விபத்து இந்தச் சாலையில்தான் நடந்தது. இருட்டில் யானைகள் ரோட்டுக்கு வந்து நிற்கும்; கறுத்த தாரில் கறுத்த யானை, விளக்கு வெளிச்சம் விழும் வரைக்கும் கண்ணுக்குத் தெரியாது. யானையைக் கண்டால் ஒலி எழுப்பாதீர்கள், உயர் விளக்கு அடிக்காதீர்கள், காரைவிட்டு இறங்கிப் படம் எடுக்கவே எடுக்காதீர்கள். தள்ளி நின்று, அது போகும்வரை காத்திருங்கள்.

கார்ப் பயணத்தில் வாந்தி எடுக்கும் பிள்ளைகளுக்குப் பாலிங்கைத் தாண்டியதும் தொடங்கும். அதற்கு முன்பே பசியாறிவிடுங்கள், வயிறு முட்ட வேண்டாம். ரொட்டி சானாயும் பால் தேநீரும் அந்த வளைவுகளுக்கு ஆகாது.

படகு வீட்டில் தங்குவதா, விடுதியில் தங்கிப் பகலில் மட்டும் படகு எடுப்பதா?

படகு வீடு என்றதும் கேரளத்துப் படங்களில் வரும் மூங்கில் கூரை மனத்தில் வந்தால் அழித்துவிடுங்கள். இங்கே இருப்பது மிதவைகளின் மேல் கட்டிய இரண்டு மாடிக் கட்டடம். கீழே சமையலறை, கழிப்பறை, தூண்டில் போட ஒரு திண்ணை. மேலே வரிசையாக மெத்தைகள். பெரியவற்றில் 20 பேருக்கு மேல் படுக்கலாம். மெதுவாகப் போய் ஏரியின் ஒரு மூலையில் ஒதுங்கி, கரை மரத்தில் வடம் கட்டி நிறுத்துவார்கள். பக்கத்தில் கட்டி இழுத்துவரும் கண்ணாடியிழைச் சிறுபடகுகளில் ஏறித்தான் தூண்டிலுக்கும் அருவிக்கும் போக வேண்டும்.

குளிக்கவும் கழுவவும் ஏரி நீர்தான். மின்சாரம் ஜெனரேட்டரில் வருகிறது. பல படகுகளில் பகலில் அணைத்துவிடுவார்கள். கழிப்பறை சுத்தமாக இருக்கிறதா என்று ஆண்கள் கேட்பதே இல்லை, பெண்கள் கேட்காமல் விடுவதே இல்லை. முன்பணம் கட்டுவதற்கு முன் அண்மையில் எடுத்த படம் அனுப்பச் சொல்லுங்கள். தனி அறை உண்டா, ஏணி எவ்வளவு செங்குத்து, மேல்தளக் கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே ஒரு குழந்தை நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கிறதா என்பதையும் அந்தப் படத்திலேயே பார்த்துவிடலாம்.

நடக்கத் தொடங்கிய குழந்தை இருந்தால் என் பதில் ஒன்றுதான்: விடுதி. சுற்றிலும் தண்ணீர் இருக்கும் ஒரு தளத்தில் அந்த வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு, தாய் இரண்டு இரவும் கண்ணயராமல் இருப்பது விடுமுறை ஆகாது.

அனுமதி எதுவும் வேண்டுமா?

ரோயல் பெலும் பூங்காவுக்குள் போகப் பேராக் மாநிலப் பூங்காக் கழகத்தின் பெர்மிட் வேண்டும். வழக்கமாகப் படகுக்காரர்களே எடுத்துத் தருவார்கள். எல்லாருடைய அடையாளக் கார்டு எண்களையும், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் விவரங்களையும் முன்கூட்டியே அனுப்ப வேண்டியிருக்கும். "கடைசி நேரத்தில் அத்தை மகனும் வருகிறான்" என்பது இங்கே எடுபடாது. தூண்டில் உரிமம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவதால், உங்கள் தூண்டில்களுக்கும் சேர்த்து எடுத்தாயிற்றா என்று படகுக்காரரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மின்சாரம் பாய்ச்சுவதும், நஞ்சு கலப்பதும், வெடி வைப்பதும் நாடு முழுவதும் குற்றம்.

செலவு எப்படிக் கணக்கிடுவது?

மூன்று பகல், இரண்டு இரவு என்பதுதான் வழக்கமான ஏற்பாடு. பெரும்பாலும் படகு வீட்டுக்கு மொத்தமாக ஒரு விலை சொல்வார்கள். ஆள் கூடக் கூடத் தலைக்கு விழும் பங்கு குறையும். அதனால் மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்து எடுப்பது நல்லது. ஆனால் சொன்ன விலையில் என்ன அடக்கம் என்பதில்தான் மனக்கசப்பு வரும். சிறுபடகுக்கான பெட்ரோல், பூங்கா நுழைவுக் கட்டணம், வழிகாட்டி, சாப்பாடு, ஜெட்டியில் கார் நிறுத்தம், இவை ஒவ்வொன்றையும் பேர் சொல்லிக் கேளுங்கள். சிறுபடகுப் பெட்ரோல்தான் பலருக்கும் பிறகு வலிக்கும் செலவு: மாமா விடிகாலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை தொலைவான ஓடை முகத்துக்குப் போய்வந்தால் எண்ணெய் கரைந்துவிடும். பங்கு பிரிக்கும்போது மீன் பிடிக்கிறவர்கள் அதைத் தனியாக ஏற்றுக்கொள்வது நியாயம் என்பேன்.

என்ன மீன் கிடைக்கும்?

தூண்டில்காரர்கள் வாயில் முதலில் வரும் பேர் தோமான். நம் விராலின் பெரிய சகோதரன். பல்லும் பலமும் உள்ள வேட்டை மீன். தூண்டில் நரம்பைக் கடித்துத் துண்டித்துவிடும் என்பதால் முனையில் கம்பித் துண்டு கட்டுவார்கள். ரப்பர் தவளையை நீர்மேல் தத்தித் தத்தி இழுத்தால் கீழிருந்து வந்து அடிக்கும்.

அடுத்தது செபாராவ். கெண்டை இனம்தான், ஆனால் குணம் கெண்டையுடையது அல்ல. விலாவில் கறுப்புப் பட்டையோடு, விடிகாலையில் ஓடை ஏரியில் சேரும் இடங்களில் சிறுமீன்களைக் கூட்டமாக விரட்டும். கரண்டி வடிவத் தகடு போட்டால் பாயும்.

கெலா ஆற்றோட்டமும் தெளிந்த நீரும் தேடும் மீன். விலை அதிகம், செதிலைக்கூட மொறுமொறுவென்று பொரித்துத் தின்பார்கள். அதனாலேயே அருகிப்போனது. கென்யிரில் சுங்கை பெத்தாங்கில் அதற்கென்றே காப்பகம் வைத்திருக்கிறார்கள். உங்கள் தூண்டிலில் மாட்டினால் ஈரக் கையால் பிடித்து, ஒரு படம் எடுத்து, விட்டுவிடுங்கள்.

இரவில் அடிமட்டத்தில் பாவுங் கிடைக்கும், கெளுத்தி வகை. படகு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே பிடிக்கலாம் என்பதால் தாத்தாக்களுக்கு உகந்த மீன். அதன் முள் மட்டும் கவனம். குத்தினால் கடுகடுக்கும், பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை வைத்தால் வலி தணியும், வீக்கம் கூடினால் கிளினிக்கில் காட்ட வேண்டும்.

தென்னமெரிக்காவிலிருந்து வந்து பரவிவிட்ட பீகாக் பாஸ் கிடைத்தால் திரும்ப விடாதீர்கள். உள்ளூர் மீன்குஞ்சுகளைத் தின்று கொழுக்கிறது. வாணலிக்கு நன்றாக இருக்கும்.

பிள்ளைகளுக்கு எந்தத் தூண்டில் வாங்குவது?

விலை உயர்ந்தது வேண்டவே வேண்டாம். நீட்டி மடக்கும் சாதாரண மட்டை, சிறிய கொக்கி, ஒரு மிதப்பு, மண்புழு அல்லது பிசைந்த ரொட்டி. இது போதும். லம்பாமும் திலாப்பியாவும் சிறு கெண்டைகளும் கடிக்கும். செம்பனைப் பழத்தைக் கொக்கியில் குத்திப் போட்டால் லம்பாம் வருவது தோட்டப்புறத்தில் வளர்ந்த நம் பெரியவர்களுக்குத் தெரிந்த பழைய வித்தை. அதைத் தாத்தாவே பேரனுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும்.

கொக்கியின் முனையில் பின்நோக்கி நிற்கும் சிறு முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். சில மீன்கள் தப்பும். ஆனால் தம்பியின் காதில் கொக்கி மாட்டினால் எளிதாக எடுக்கலாம். நசுக்காத கொக்கி சதைக்குள் ஏறிவிட்டால் பின்னால் இழுக்காதீர்கள், தூண்டில் நரம்பை அறுத்துவிட்டு அப்படியே கிரிக் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். படகில் தூண்டில் வீசும்போது எல்லாரும் தொப்பியும் கண்ணாடியும் போட்டிருக்க வேண்டும் என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

குஞ்சுகளோடு வரும் தோமானைப் பிடிக்கலாமா?

தூண்டில்காரர்களுக்குள் சண்டை வரும் கேள்வி இது. நடப்பது என்னவென்று பார்த்தால்தான் புரியும். காற்றில்லாத காலையில் ஏரியின் ஒரு மூலையில் படகு நிற்கிறது. பத்து முழம் தள்ளி, தட்டு அகலத்துக்குத் தண்ணீர் உலைநீர் போலக் குமிழ்கிறது. நூற்றுக்கணக்கான செம்மஞ்சள் குஞ்சுகள் காற்றைக் குடிக்க மேலே வந்து, ஒரு வாய் குடித்து, கண்மூடித் திறப்பதற்குள் மறைகின்றன. கொஞ்ச நேரம் கழித்து இன்னும் சற்று இடப்பக்கம் அதே குமிழ். கூட்டம் நகர்கிறது. அடியில் தாயும் தகப்பனும் கூடவே வருகின்றன. அவ்வப்போது ஒரு பெரிய முதுகு மட்டும் நீரைக் கிழித்துத் தெரியும்.

அந்தக் குமிழைத் தாண்டித் தவளையை எறிந்து அதன் நடுவே இழுத்தால் போதும், பசியே இல்லாவிட்டாலும் பெற்றோர் வந்து அடிக்கும். குஞ்சைக் காப்பாற்றத்தான் அடிக்கிறது. அதனால்தான் அது எளிது. அந்த மீனைப் படகில் போட்ட சில நிமிடங்களில் மற்ற மீன்கள் குஞ்சுக்கூட்டத்துக்குள் புகுந்துவிடுகின்றன. உடனே விட்டுவிடுகிறோம் என்பவர்கள் படம் எடுத்து, எடை போட்டு, காணொளி பிடித்து விடுவதற்குள் தாமதமாகிவிடும். என் படகில் வருகிறவர்களை அந்தக் குமிழுக்குத் தூண்டில் போட விடமாட்டேன். குஞ்சில்லாத தோமான் ஏரியில் இல்லாமலா போய்விட்டது? பிள்ளைகளுக்கு அந்தக் குமிழைத் தொடர்ந்து பார்ப்பதே அரை மணி நேர வேடிக்கை.

ஏரியில் குளிக்கலாமா? நீந்தத் தெரியாதவர்கள்?

குளிக்கலாம், அங்கியோடு. கரையிலிருந்து இரண்டு எட்டு வைத்தால் இடுப்பளவு, மூன்றாவது எட்டில் கால் எட்டாது. மூழ்கியது மலைச்சரிவு அல்லவா. மேல்தளத்திலிருந்து குதிப்பது இளைஞர்களுக்குப் பெருமையாக இருக்கலாம்; கீழே மரக்கட்டை இருப்பது மேலிருந்து தெரியாது. குதிக்க அனுமதிக்காதீர்கள்.

பெரியவர்கள் அளவு அங்கியைக் குழந்தைக்கு இறுக்கிக் கட்டினால், தண்ணீரில் அங்கி மேலே மிதக்கும், குழந்தை அதற்குள்ளிருந்து கீழே நழுவும். கால்களுக்கு நடுவே வார் உள்ள சிறுவர் அங்கியை வீட்டிலிருந்தே வாங்கிக்கொண்டு போங்கள். போட்டபின் தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிப்பாருங்கள். காதுவரை ஏறினால் அது பொருந்தாத அங்கி. சிறுபடகில் ஏறும் எல்லாரும், நீச்சலில் பதக்கம் வாங்கிய சித்தப்பா உட்பட, போட்டாக வேண்டும்.

மழையும் மின்னலும் வந்தால்?

பிற்பகல் இடிமழை இங்கே சாதாரணம். மழைக்கு முன்னால் குளிர்ந்த காற்று சட்டென்று வீசும், நீர்ப்பரப்பு கறுக்கும். அந்தக் காற்று வந்தவுடன் தூண்டிலைச் சுருட்டிவிட வேண்டும். கார்பன் மட்டை மின்சாரத்தைக் கடத்தும்; திறந்த நீரில் அதை உயர்த்திப் பிடித்துக்கொண்டு "இன்னும் ஒரே ஒரு வீச்சு" என்பது வீரம் அல்ல. தெக்கோங், அதாவது படகோட்டி, திரும்பலாம் என்றால் மறுபேச்சு வேண்டாம். அவர் வளர்ந்த ஏரி அது.

காய்ச்சல், பூச்சி, அட்டை?

அட்டை பயமுறுத்துமே தவிர ஆபத்தில்லை. நான் அஞ்சுவது எலிக்காய்ச்சலுக்கு. எலி முதலிய விலங்குகளின் சிறுநீர் கலந்த நன்னீர் காயத்தின் வழியாகவோ கண், வாய் வழியாகவோ உடலுக்குள் போய் வருவது. திரும்பிய சில நாள்களிலிருந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு இருந்தால், ஏரியில் குளித்ததை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். சொன்னால்தான் அவர் அந்தத் திசையில் பார்ப்பார். காலில் புண் இருப்பவர்கள் நீரில் இறங்க வேண்டாம். குரங்கிலிருந்து கொசு வழியே பரவும் மலேரியாவும் நம் காடுகளில் உண்டு. மாலையில் நீளக்கை உடுப்பும் கொசுத் தைலமும் கட்டாயம்.

புலி வருமா?

பிள்ளைகள் தவறாமல் கேட்பார்கள். நாடு முழுவதும் 150க்கும் குறைவான புலிகளே மிஞ்சியிருப்பதாக அண்மைக் கணக்கெடுப்பு சொல்கிறது. பெலும் அவற்றின் முக்கிய இருப்பிடங்களில் ஒன்று. அது உங்களைப் பார்த்திருக்கலாம், நீங்கள் அதைப் பார்க்கப்போவதில்லை.

சாப்பாடு எப்படி? பாட்டி சைவம்.

படகில் சமைப்பவர்கள் பெரும்பாலும் மலாய்க்காரர்கள். சோறு, மீன், கோழி, சம்பால் நன்றாகவே இருக்கும். சைவம் வேண்டும் என்று சொன்னால் கீரையை வதக்கித் தருவார்கள், அதில் பெலாச்சான் (இறால் விழுது) விழுந்திருக்கும். ஆகவே "இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால் போதாது. பெலாச்சான், நெத்திலி, சிப்பி சாஸ் என்று ஒவ்வொன்றையும் பேர் சொல்லி மறுக்க வேண்டும். பாட்டிக்கென்று தனியாக ஒரு சிறு சட்டி, புளிச்சாதம், எலுமிச்சை ஊறுகாய், பருப்புப்பொடி எடுத்துப்போவது எல்லாருக்கும் நிம்மதி. மதுபானம் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் முன்பே கேட்டு, மறுத்தால் விட்டுவிடுங்கள். பன்றி இறைச்சி வேண்டாம். அது அவர்கள் சமையலறை.

புரட்டாசியில் போகலாமா? பிடித்துவிட்டு விடுவது பாவம் இல்லையா?

புரட்டாசியில் மீன் தொடாத குடும்பங்கள் அந்த மாதத்தைத் தவிர்ப்பதே மேல். மழையும் அப்போதுதான் வலுக்கும். தைப்பூச விரதக்காரர்கள் இருந்தாலும் அப்படியே. பாவ புண்ணியத்தை நான் தீர்ப்பதற்கில்லை. என் அம்மா "தின்பதற்குப் பிடி, விளையாட்டுக்கு ஏன் அதன் வாயைக் கிழிக்கிறாய்" என்பார். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. அன்றைய சமையலுக்கு வேண்டியது கிடைத்ததும் தூண்டிலை வைத்துவிடுவதுதான் எங்கள் வீட்டு ஏற்பாடு.

மீன்பிடியில் ஆர்வமில்லாதவர்கள் மூன்று நாள் என்ன செய்வார்கள்?

அவர்களுக்குத்தான் கொண்டாட்டம். ருவோக், கோவி அருவிகள் இருக்கின்றன. மலேசியாவின் பத்து வகை இருவாய்ச்சிகளும் இந்தக் காட்டில் இருக்கின்றன. ஆகஸ்ட், செப்டம்பரில் கூட்டம் கூட்டமாக ஏரியைக் கடக்கும், இறக்கையடிப்பு படகுவரை கேட்கும். ரஃப்ளீசியாப் பூ மொட்டாக மாதக்கணக்கில் இருந்து, விரிந்து ஒரு வாரத்துக்குள் அழுகிவிடும். ஆகவே பூவைக் காட்டுவதாக யாரும் உறுதி சொல்ல முடியாது. 2003இல் புதிய இனமாக அறிவிக்கப்பட்ட ரஃப்ளீசியா அஸ்லானி இந்தப் பூங்காவில் இருக்கிறது.

ஜஹாய் ஓராங் அஸ்லி பூர்வகுடி மக்களின் கிராமங்களுக்கும் அழைத்துப்போவார்கள். போவதானால் விருந்தாளியாகப் போங்கள். கேட்காமல் படம் எடுப்பதும், பிள்ளைகளுக்கு மிட்டாயை வாரி இறைப்பதும் வேண்டாம். அவர்கள் விற்கும் கைவினைப் பொருளைப் பேரம் பேசாமல் வாங்கலாம்.

பிடித்த மீனை வீட்டுக்குக் கொண்டுவரலாமா?

தின்னும் அளவுக்குக் கொண்டுவரலாம். பூங்கா எல்லைக்குள் பிடித்ததா, வெளியே பிடித்ததா என்று படகோட்டியிடம் கேட்டுக்கொண்டு. குடலை அங்கேயே நீக்கி, வயிற்றுக்குள்ளும் ஐஸ் அடைத்து, பெட்டியில் உருகும் நீர் வெளியேற வழிவையுங்கள். நீரில் ஊறிய மீன் பாலிங் வருவதற்குள் கெட்டுவிடும். ஒன்றும் கிடைக்காமல் திரும்பினால், கிரிக்கிலும் லெங்கோங்கிலும் பெக்காசாம் விற்கிறார்கள்: நன்னீர் மீனை உப்பும் வறுத்த அரிசியும் போட்டுப் புளிக்கவைத்தது. லோமா மீனில் செய்தது கிடைத்தால் அதையே வாங்குங்கள். கழுவாமல், வெங்காயமும் காய்ந்த மிளகாயும் சேர்த்துக் குறைந்த தீயில் பொரிக்க வேண்டும். காரில் வைக்கும்போது இரண்டு பிளாஸ்டிக் பை போட்டுக் கட்டுங்கள்.